டைபாய்டு என்று எழுதும் முன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், தமிழ்நாட்டின் சிறு நகரத்து லேப்களில் அதிகம் அச்சாகும் சொற்களில் ஒன்று 'விடால் பாசிட்டிவ்'. நான்கு நாள் காய்ச்சலோடு வந்தவர் அந்தச் சீட்டை வாங்கிப் போய்க் காட்டுகிறார். டைபாய்டு என்று முடிவாகிறது. அன்று மாலையே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஏறுகிறது. நோயாளிக்கும் நிம்மதி, வீட்டாருக்கும் நிம்மதி. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் சரிதானா என்று கேட்க அங்கே ஆளில்லை.

விடால் சோதனை 1896இல் பிரான்ஸில் வந்தது. அது டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. எப்போதோ டைபாய்டு வந்து போனவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கலாம். வேறு சில காய்ச்சல்களிலும் அளவு உயரலாம். உண்மையிலேயே டைபாய்டு உள்ளவருக்கு முதல் வாரத்தில் அது தென்படாமலும் போகலாம். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு கூடியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. இரண்டாவது முறை எடுப்பவர்கள் அரிது. ரத்தத்தில் உள்ள கிருமியையே வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் இதைவிட நம்பகமானது. ஆனால் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டும், முடிவு வரச் சில நாள் ஆகும். அப்படியும் பத்து டைபாய்டு நோயாளிகளில் ஏறக்குறைய ஆறு பேரைத்தான் அது காட்டிக்கொடுக்கும்.

'டைபாய்டு இல்லாவிட்டால்தான் என்ன, ஊசி போட்டால் காய்ச்சல் போய்விடுமே' என்பார்கள். போகாத காய்ச்சல் ஒன்று இதே மாதங்களில் நம்மிடையே இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இதற்கும் டைபாய்டுக்கும் உறவில்லை. புதர், புல்வெளி, வயல் வரப்பு போன்ற இடங்களில் வாழும் உண்ணி இனப் பூச்சியின் இளம்புழு கடித்துப் பரவுவது. செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மிக மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் அடங்கும். தவறான ஊசியோடு ஒரு வாரம் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டு ஐசியூ வரை போகலாம்.

பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவந்து நடுவில் கருத்த பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகிறது. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பில் துணி கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். காய்ச்சலோடு அந்தப் பொருக்கைக் கண்ட மருத்துவருக்கு நோயைப் பற்றிப் பெரிதாகச் சந்தேகம் மிஞ்சாது. செலவில்லாத சோதனை இது. ஆனால் ஆடையை விலக்கிப் பார்க்க வேண்டும். வரிசை வாசல்வரை நிற்கும் புறநோயாளி அறையில், திரைகூட இல்லாத இடத்தில், ஒரு பெண்ணை எப்படிச் சோதிப்பது? உடன் நிற்க ஒரு செவிலியராவது வேண்டாமா? பல பெண்களுக்கு நோய் தாமதமாகப் பிடிபட இந்த இல்லாமையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று நிறுவியது. அத்தகைய ஆய்வு பிறந்த மண்ணில், சிறு நகரத்து மருத்துவமனை மேசையில் இன்னமும் ஒற்றை விடால் சீட்டு ஆட்சி செய்வது பெரும் வேதனை.

லேப் சீட்டுக்கு முன் நோயாளியின் பேச்சே எவ்வளவு உதவும் என்று பார்க்க, 1975இல் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டதுமே சொன்ன நோய்தான் கடைசியிலும் உறுதியானது. உடலைச் சோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. லேப் சோதனையால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. நம் காய்ச்சல் நோய்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் லேப் முடிவுக்குப் பொருள் தருவதே நோயாளி சொல்லும் சேதிதான். டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். என்எஸ்1 சோதனை முதல் நான்கைந்து நாள்களுக்கே பயன்படும். அதற்குப் பிறகு ஐஜிஎம் எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். ஏழாம் நாளில் எடுத்த என்எஸ்1 'நெகட்டிவ்' என்றால் டெங்கு இல்லை என்று ஆகாது. காய்ச்சல் தொடங்கியது எந்த நாள் என்று கேட்காமல் அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது? வீட்டாரோ தட்டணு எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் வருகிறது. விடாத வாந்தி, வயிற்றுவலி, சில்லிட்ட கை கால், சோர்வு ஆகியவற்றை உடனே கவனித்தாக வேண்டும்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2017இல் வெளியான ஒரு உலகளாவிய தொகுப்பாய்வின்படி, உலக மக்களில் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். சோதனை எழுதாத மருத்துவரை 'ஒன்றும் பார்க்கவில்லை' என்று சொல்லும் பழக்கம் நமக்கும் இருக்கிறது. 'காய்ச்சல் பேக்கேஜ்' என்று சோதனைகளைக் கட்டி விற்கும் வணிகம் இந்த இடைவெளியில்தான் வளர்கிறது.

அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவைதான். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் திரையிட்ட ஒரு கட்டில், மழை, பனி மாதங்களில் கூடுதலாக ஒரு மருத்துவர், மாவட்டந்தோறும் ஸ்க்ரப் டைபஸுக்கான எலைசா ரத்தச் சோதனை. ஒற்றை விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவதை அரசு மருத்துவமனைகளாவது இந்த ஆண்டே கைவிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். இதற்குள் என்ன மாத்திரை, என்ன ஊசி எடுத்தீர்கள், வயலுக்கோ புதர்க்காட்டுக்கோ போனீர்களா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஐந்து நாள் கடந்தும் காய்ச்சல் விடவில்லை, உடலை யாரும் சோதித்துப் பார்க்கவுமில்லை என்றால், வீட்டிலேயே அக்குளையும் இடுப்பையும் பாருங்கள். கருத்த பொருக்கு ஏதும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.