ஊதா என்று எழுதினால் போதுமா?

வானவில்லின் ஏழு நிறங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் உள்விளிம்பிலுள்ள நிறத்தை ஊதா என்கிறார். கத்தரிப்பூவைக் காட்டிக் கேட்டாலும் மாணவன் ஊதா என்றே விடை கூறுகிறான். இரண்டையும் சரியென்று நாம் ஏற்று வருகிறோம். ஆனால் பௌதிக நூல் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. வானவில்லின் ஓரத்து நிறம் ஏறத்தாழ 380 முதல் 450 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய தனி ஒளி. கத்தரிப்பூவின் நிறமோ, சிவப்பொளியும் நீலவொளியும் ஒருங்கே கண்ணை அடைவதால் தோன்றுவது. அதற்கெனத் தனி அலைநீளம் கிடையாது. வானவில்லில் அதைத் தேடியும் பயனில்லை. ஆங்கிலேயர் முன்னதை வயலட் என்றும் பின்னதைப் பர்ப்பிள் என்றும் பிரித்து வழங்குவர். நாம் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டோம்.

இது நம் முன்னோர் செய்த பிழையன்று. குறுகிய அலைநீளமுடைய ஒளி கண்ணில் நீலத்தை உணரும் கூம்பணுக்களைத் தூண்டுவதோடு, சிவப்பை உணரும் கூம்பணுக்களையும் சிறிதளவு தூண்டுகிறது. எனவே தனி ஒளியும் கலப்பு நிறமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன. மயக்கம் கண்ணிலேயே உள்ளது; சொல்லில் அது நிலைத்துவிட்டது, அவ்வளவே.

சொல்லின் வரலாறும் கவனிக்கத் தக்கது. ஊதா என்பது உருது மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். தெலுங்கரும் அதனைக் கையாள்வர். இந்தி பேசுவோர் கத்தரிக்காயை வைத்து பைங்கனி என்றும், நாவற்பழத்தை வைத்து ஜாமுனி என்றும் கூறுவர். வங்காளிகளுக்கு அது பேகுனி; அதுவும் கத்தரிக்காயே. கன்னடியர் நேரளே என்று நாவலைச் சுட்டுவர். ஸ்ரீ விஜயபுரம் என 2024-இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் ஒரு பகுதியான டாலிகஞ்சில் இம்மொழிகளுட் பல ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அங்குள்ள வகுப்பறையொன்றில் ஒரு மலரின் நிறத்தைக் கேட்டால், நான்கைந்து பெயர்கள் எழும். அவற்றுட் பாதி காய்கறிக் கடையிலிருந்து வந்தவையாக இருக்கும். இதனை நான் குறையாகக் கருதவில்லை. நிறத்தை ஒரு பொருளோடு பிணைத்துப் பெயரிட்ட அம்மக்கள், வெறும் ஊதா என்று எழுதும் நம்மைக் காட்டிலும் திருத்தமாகவே பேசுகின்றனர் என்பது என் கருத்து.

அந்தமான் பின்மா என்னும் மரத்தை எடுத்துக்கொள்வோம். இத்தீவுகளின் மாநில மலர் அதனுடையதே. நம் பூமருதின் இனத்தைச் சேர்ந்தது. லாகர்ஸ்ட்ரோமியா ஹைப்போலியூகா என்பது அதன் தாவரவியற் பெயர். பெயரின் பிற்பகுதி இலையின் அடிப்புறம் வெளுத்திருப்பதைக் குறிக்கும். அதன் மலரை ஒருவர் ஊதா என்றும், மற்றொருவர் இளஞ்சிவப்பு என்றும், மூன்றாமவர் நீலம் என்றும் எழுதக்கூடும். இவ்வினத்து மலர்களின் நிறம் நாட்பட நாட்பட வெளிறும் இயல்புடையது. ஆகவே மூவரும் ஒரே மரத்தைக் கண்டவராகவும் இருக்கலாம். பூத்த நாளில் கண்டதா, வாடும் தறுவாயில் கண்டதா என்ற குறிப்பு இல்லையெனில் அவர்கள் எழுதியது பிறருக்குப் பயன்படாது. கைப்பேசிப் படமும் முழுத் துணையன்று. செந்நீல மலர்கள் படத்தில் நீலமாகவே விழுவதுண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மலர்ந்து 2018-இல் மலைகளை நிறைத்த குறிஞ்சியை நீலக்குறிஞ்சி என்கிறோம். அருகில் நின்று பார்க்கும் சிறுவன் அது நீலந்தானா என்று கேட்டால் ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளலாகாது.

பயிர்த்தொழிலில் இந்த மயக்கம் பொருளிழப்பாகவே முடியும். இளம் மக்காச்சோளப் பயிருக்கு மணிச்சத்துப் போதாவிடில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் செந்நீலமாக மாறும். இலையில் சர்க்கரை தேங்கி, ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் பெருகுவதே இதற்குக் காரணம். தீவுகளின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கிடைக்காமற் செய்கின்றன. எனவே இக்குறியை அங்கு எதிர்பார்த்தே இருத்தல் வேண்டும். ஆயினும் நீர் தேங்கி வேர் நலிந்தாலும் இதே நிறம் தோன்றும்; சில இரகங்களுக்கு அது பிறவி நிறமாகவும் அமையும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நிலத்தில் எது காரணம்? "இலை ஊதாவாக உள்ளது" என்ற ஒரு வரி அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் விடை கூற இயலாது. முதிர்ந்த இலையா, குருத்தா, ஓரமா, நரம்பா, வயலில் நீர் நிற்கிறதா என்பவற்றையும் எழுதியனுப்பினால் உழவர் வீணாக உரம் வாங்க நேராது.

இந்நிறத்தோடு பிணைத்துக் கூறப்படும் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். அது அரச நிறம், பெருமையின் நிறம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அது மத்தியதரைக் கடற்கரையின் கதை. அங்கு ஒருவகைக் கடல்நத்தையிலிருந்து சாயம் எடுத்தனர். 1909-இல் பால் ஃபிரீட்லேண்டர் என்னும் இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். இத்துணை அரிய பொருள் அரசர்க்கும் செல்வர்க்கும் உரியதானதில் வியப்பில்லை. பின்னர் 1856-இல் மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்ற வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், தாம் தேடியதைக் காணாது, மாவ் என்னும் செந்நீலச் சாயத்தைக் கண்டார். விலை வீழ்ந்தது, பெருமையும் உடன் வீழ்ந்தது.

நம் நாட்டில் இந்நிறத்தைக் கண்டவுடன் நினைவுக்கு வரவேண்டியது வேறொன்று என்பேன். தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பெற்று, மைசூரில் தயாரிக்கப்பட்டு, 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடப்படும் அழியா மை அது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலோடு கலந்து ஒளி பட்டுக் கருக்கிறது. பல நாள் அழிவதில்லை. டாலிகஞ்சின் கடைக்காரர்க்கும் தலைமைச் செயலருக்கும் அதே துளி. ஜம்முவின் மலைச்சரிவுகளில் லாவெண்டர் பயிரிடுவதை ஊதாப் புரட்சி என்று வழங்குவதையும் ஆசிரியர்கள் கூறலாம். உரோமாபுரியின் அரசர் இரண்டாம் பாடத்தில் வரட்டும்.

இனி, சொற்களைப் பற்றி. புதுச்சொற்கள் பலவற்றைப் புனைவதில் எனக்கு விருப்பமில்லை; நிறமாலையின் ஓரத்து ஒளிக்கு ஊதா என்பதையும், கலப்பு நிறத்துக்குச் செந்நீலம் என்பதையும் நிலைபெறச் செய்தாலே போதும். களக்குறிப்பில் கத்தரிப்பூ, நாவற்பழம், சங்குப்பூ என ஒப்புமைப் பொருளொன்றையும் எழுதவேண்டும். மண் ஆய்வாளர் மன்செல் நிற அட்டையை முன்பே கையாள்கின்றனர். தாவரத் திசுக்களுக்கும் அத்தகைய அட்டை உண்டு. அட்டை கிட்டாத இடத்தில் ஒப்புமையே கைகொடுக்கும்.

ஆசிரியர்க்கு ஒரு சோதனை. நீலச் சங்குப்பூ இதழ்களை வெந்நீரில் இட்டு வடித்த நீர் நீலமாயிருக்கும். எலுமிச்சைச் சாறு சேரச் சேர அது செந்நீலமாகும். சமையற் சோடா சேர்த்த வேறொரு குவளையில் பசுமை நோக்கிச் செல்லும். ஒவ்வொரு நிலையிலும் பிள்ளைகள் தத்தம் வீட்டுமொழியில் நிறத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதட்டும். சாற்றைத் துளித்துளியாகவே விடவேண்டும்; ஒரேயடியாக ஊற்றிவிட்டால் இடைப்பட்ட நிறங்களைக் காண இயலாது.