அந்தக் காலம் மலையேறிவிட்டதா?

"அந்தக் காலம் மலையேறிவிட்டது!" - நம் மக்கள் நாவில் நாள்தோறும் புரளும் சொல் இது. வைசூரி வந்து வீடுவீடாக விளக்கணைத்த காலம் மலையேறிவிட்டது. கக்குவான் இருமலிலே குழந்தை கண் செருகித் துவண்ட காலம் மலையேறிவிட்டது. இளம்பிள்ளை வாதம் ஓடியாடும் காலை முடக்கிப் போட்ட காலம் மலையேறிவிட்டது என்று, சமவெளியிலே இருந்துகொண்டு நாம் பெருமையோடு பேசிக்கொள்கிறோம். பேசுவதில் தவறில்லை. ஆனால், மலையேறிய அந்தக் காலம் இறங்கிப் போக மனமின்றி மலையிலேயே தங்கிவிட்டால்? அங்கே வாழ்கிறவனும் நம் உடன்பிறந்தவன்தானே! அவன் வீட்டுக் குழந்தையும் நம் வீட்டுக் குழந்தைதானே!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே சென்று, கோமுகி அணையைக் கடந்தால், எதிரே நிற்கிறது கல்வராயன் மலை. வளைவு வளைவாக ஏறினால் கரியாலூர், அதற்கப்பால் வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கிடைத்ததை உண்டு, கிடைக்காத நாளில் பட்டினி கிடந்து வாழ்ந்து வந்தவர்கள் அந்த மலை மக்கள். மலையாளிப் பழங்குடியினர் என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்தார் அல்லர், மலையிலே வாழும் தமிழர். நாடு விடுதலை பெற்ற பிறகும் அவர்கள் தலைமீது மூன்று ஜாகீர்கள் அமர்ந்திருந்தன. ஜாகீர்தாருக்கு வெட்டி வேலை செய்தே முதுகு வளைந்தவர்கள் அவர்கள். அந்தப் பிடி முற்றிலும் அகன்றது 1976 இல்தான். இந்திய மண்ணில் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டது 1975 இல். ஓராண்டு இடைவெளியில் இரண்டு கொடுமைகள் ஒழிந்தன. ஒன்று உடலைத் தின்றது. மற்றொன்று உழைப்பைத் தின்றது. இரண்டும் தாமாகப் போகவில்லை. விரட்டினோம், போயின!

எப்படி விரட்டினோம் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்தாக வேண்டும். 1796 இல் எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், மாட்டம்மை வந்த பால்காரப் பெண்களைப் பெரியம்மை அண்டுவதில்லை என்ற ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கி, அதைச் சோதித்துப் பார்த்தார். ஊர்ப்பேச்சை அப்படியே நம்பவுமில்லை, ஒதுக்கித் தள்ளவுமில்லை. சோதித்தார். அதற்குப் பெயர்தான் பகுத்தறிவு! 1802 இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு, இந்தியாவிலேயே முதன்முறையாக அம்மை குத்தப்பட்டது. 1899 இல் நமது கிண்டியிலே, அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே கிங் நிலையம் எழுந்தது. அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் பிள்ளையைக் குதிருக்குள் ஒளித்து வைத்த காலம் ஒன்று உண்டு. ஒளித்த வீட்டிலேதான் வைசூரி முதலில் நுழைந்தது. 1980 இல் உலக நலவாழ்வு அமைப்பு, பெரியம்மை பூவுலகிலேயே இல்லை என்று அறிவித்தது. வேப்பிலையை நாம் வெறுக்கவில்லை. வாசலில் கட்டட்டும், நிழலில் அமரட்டும். ஆனால் பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அல்ல, ஊசிமுனை என்ற உண்மையை எந்த வாசலிலும் நின்று சொல்வோம்!

இப்போது மலைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வருவோம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைகள் ஒன்றாய் உண்டு, ஒன்றாய்ப் படித்து, ஒரே கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். அருமையான காட்சி! ஆனால் அந்தக் கூடத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் என்ன ஆகும்? பாதுகாப்பில்லாத பத்துப் பிள்ளைகள் அருகிலிருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துக்கொள்ளும் நோய் அது. நோயுற்ற பிள்ளை எழுந்து போன பிறகும், அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காத்துக் கிடக்கும். "மணல்வாரிதானே, மூன்று நாளில் இறங்கிவிடும்" என்பார்கள். இறங்கும்; ஆனால் சத்தில்லாத உடலில் நிமோனியாவை ஏற்றிவிட்டு இறங்கும்; வயிற்றுப்போக்கை விட்டுவிட்டு இறங்கும்; சில குழந்தைகளின் கண்ணொளியைப் பறித்துக்கொண்டு இறங்கும். கஞ்சிக்கு வழியுள்ள வீட்டுக் குழந்தை தப்பிவிடும். கஞ்சிக்கும் வழியற்ற வீட்டுக் குழந்தை? நோய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் வறுமை இருக்கும் வீடு எது என்று நோய்க்கு நன்றாகத் தெரியும்!

தொண்டை அடைப்பான் என்றொரு பகைவன். தொண்டையிலே படலம் படர்ந்து மூச்சை அடைப்பான். அதன் நஞ்சு இதயம் வரை பாயும். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் வலிமை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். அதனால்தான் ஒன்றரை வயதில் ஒரு தவணை, ஐந்து வயதில் ஒரு தவணை, பத்து வயதில் ஒன்று, பதினாறு வயதில் ஒன்று என்று வகுத்திருக்கிறார்கள். "பிறந்தவுடனே எல்லாம் போட்டாயிற்று" என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. மீதித் தவணையை அவளிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை! படிப்பிலே நம்மைவிட முந்திய கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், 2016 இல் தொண்டை அடைப்பான் தலைதூக்கி, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. செல்வம் கொழிக்கும் மும்பையிலே, 2022 இல் தட்டம்மை பரவிக் குழந்தைகளைப் பலி கொண்டது. எங்கே? மாளிகைகளில் அல்ல, கோவண்டி போன்ற குடிசைப் பகுதிகளில்! விட்டுப்போன ஊசியின் கணக்கை நோய் ஒருநாளும் மறப்பதில்லை.

ஊசி என்றாலே புரளி கிளப்புவோரும் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போடப்பட்டபோது என்ன நடந்தது? வாட்ஸ்அப்பிலே வதந்தி பறந்தது. "வெளிநாட்டுச் சதி" என்றான் ஒருவன். "மலட்டுத்தன்மை வரும்" என்றான் இன்னொருவன். முகமில்லாதவன் அனுப்பிய சேதியை நம்பி, பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டனர் சில பெற்றோர். குதிருக்குள் ஒளித்த பழைய கதை, கைப்பேசிக்குள் மறுபடியும் பிறந்தது! இலட்சக்கணக்கான பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள், நலமாக இருக்கிறார்கள், புரளி கிளப்பியவன் மட்டும் பொய்யனானான்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு கைக்குழந்தைகள் மாண்டன. நாடு துடித்தது, நாமும் துடித்தோம். அதன்பின், ஊருக்குள் வந்து போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில்தான் போடுவது என்ற ஏற்பாடு சில காலம் இருந்தது. பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் சாலையோரத்து ஊருக்கு அது பாதுகாப்பு. மலை உச்சிக் குக்கிராமத்துக்கோ அது ஒருநாள் நடை, ஒருநாள் கூலி! ஆகவே நாம் கேட்பது இதுதான்: மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும், மருந்து ஊர் தேடி வரவும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று மலை மக்களிடம் மட்டும் பேரம் பேசக் கூடாது!

தமிழ்நாட்டில் அடிப்படைத் தடுப்பூசிகள் முழுமையும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 89 பேர் என்றது 2019-21 ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70. வளர்ச்சிதான், வாழ்த்துகிறோம். ஆனால் தட்டம்மை பரவாமல் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் வேண்டும் என்கிறது மருத்துவம். மீதிப் பிள்ளைகள் எங்கே? சராசரி என்பது சமவெளியைப் பார்த்துப் போடும் கணக்கு. ஓடை கடந்த குக்கிராமமும், ஒற்றையடிப் பாதையில் நிற்கும் பத்துக் குடிசைகளும், பிழைப்புக்காகத் தாய் தந்தையரோடு அயல் மாநிலம் சென்ற பிள்ளையும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள். மறைந்தவர்களைத் தேடுவதுதான் மக்கள் தொண்டு!

தடுப்பு மருந்து, கடைச் சரக்கு அல்ல. இரண்டு முதல் எட்டுப் பாகை வரையிலான குளிரிலே காக்கப்பட வேண்டிய பொருள். குளிர்பெட்டியில் பனிக்கட்டிப் பொதிகளோடு தோளில் சுமந்து வருகிறார் கிராம சுகாதார செவிலியர். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். மின்சாரம் நின்றால், பேருந்து தவறினால், மழையில் பாதை சரிந்தால், அந்தப் பெண்ணின் உழைப்பெல்லாம் வீண். 2024 இல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கெடுத்தது என்றால், நிலைமையை நாம் விளக்க வேண்டுமா? 2019 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மாவட்டம் வந்தது, கல்லூரி வந்தது. மலைப்பாதையில் மருந்துப் பெட்டியும் தவறாமல் வர வேண்டாமா? வண்டி ஏறக் கொண்டை ஊசி வளைவு போடத் தெரிந்த அரசுக்கு, பிள்ளை வாழத் தடுப்பூசி போடவும் தெரியும். தெரிந்ததைச் செய்யட்டும்! ஆட்சிக் கட்டிலில் எவர் அமர்ந்திருந்தாலும் நமது கோரிக்கை இதுதான்: மலைப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் அன்றே தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும், அட்டை இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல், விட்டுப்போன தவணையைப் பள்ளியிலேயே போட வேண்டும், விடுதிதோறும் நல்ல குடிநீரும், கை கழுவச் சோப்பும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும்.

தோழர்களே! அரசைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? படிப்பகத்தில் அமர்ந்து இந்த ஏட்டை உரக்கப் படிக்கும் தோழருக்கும், தேநீர்க் கடையில் நின்று கேட்கும் பாட்டாளித் தோழருக்கும் ஒரு வேலை தருகிறோம். ஊருக்கு ஒரு தோழர். தோழருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அட்டை இருக்கிறதா, எந்தத் தவணை விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். எழுதியதைச் செவிலியரிடம் கொடுங்கள். தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தாய்மாரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று இலேசான காய்ச்சல் வரலாம், அஞ்ச வேண்டாம். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லுங்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவர் துணிமூட்டையோடு அந்த அட்டையையும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகவே போடுவார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று கூலி போகுமே என்று தயங்கும் தகப்பனிடம் சொல்லுங்கள்: ஒருநாள் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம், பிள்ளை போனால்?

கொடி கட்டத் தெரிந்த கைகள் நம் கைகள். சுவரெழுத்து எழுதி விடியவிடிய விழித்த கண்கள் நம் கண்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் வீடுவீடாக ஏறி இறங்குகிறோமே! வாழவேண்டிய பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போக விடலாமா?

வரும் புதன்கிழமை, மருந்துப் பெட்டி சுமந்து மலையேறும் அந்தச் செவிலியரோடு நம் தோழர் ஒருவரும் ஏறட்டும். பெட்டியை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொள்ளட்டும். கடைசிக் குக்கிராமத்தின் கடைசிப் பிள்ளைக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டு இறங்கி வந்த பிறகு, நாமும் சொல்வோம்: அந்தக் காலம் மலையிலும் இல்லை, தரையிலும் இல்லை, ஒழிந்தே போயிற்று!