கன்று கொடுக்கும் நாளும் மழை பெய்யும் நாளும்

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வருகின்றது. பாடசாலைகளிலும் சங்கங்களிலும் எமது பங்குகளிலும் மரக்கன்றுகள் வழங்கப்படுகின்றன. நோக்கம் நல்லதே. ஆனால் மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஜூன் மாதம் சோளகக் காற்று மண்ணை உலர்த்தும் காலமாகும். அன்று நட்ட கன்றுகளில் எத்தனை மாரி மழையைக் கண்டன என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் ஊரில் எண்ணிப் பார்ப்பது நன்று.

“வறட்சியைத் தாங்கும் மரங்களைத்தானே கொடுக்கின்றோம்” எனச் சிலர் கூறலாம். வேம்பும் புளியும் விளாத்தியும் வறட்சியைத் தாங்குவது வேர் ஆழச் சென்ற பின்னரே. முதலாண்டில் அவையும் பால்குடி மறவாத பிள்ளைகளே. ஜூனில் நட்டால் மழை வரும்வரை நான்கு மாதங்கள் தண்ணீர் சுமக்க வேண்டும். சுமப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. 2017ஆம் ஆண்டு வறட்சியில் குடிநீரையே பவுசரில் எதிர்பார்த்திருந்த குடும்பங்களிடம் கன்றுக்கும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்வது நீதியாகுமா?

ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பின் நட்டால், மார்கழி வரை வானமே தண்ணீர் ஊற்றும். வேர் கீழிறங்க அக்காலம் பேருதவி. வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இதனாலேயே பொருத்தமாயிற்று.

எதை நடுவது என்பதைக் கிணறு தீர்மானிக்கட்டும். கோடையில் தண்ணீர் சவராகும் கரையோர வளவுகளில் தேசியும் தோடையும் வாழையும் வாடிப்போகும். மாதுளை, இலந்தை, சப்போட்டா தாக்குப்பிடிக்கும். நல்ல தண்ணீருள்ள இடத்தில் கறிவேப்பிலையும் அன்னமுன்னாவும் சேரலாம். முருங்கைக்கு ஒரு தடி போதும். ஆனால் மழைநீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் அழுகிவிடும். பையில் நெடுநாள் நின்று வேர் சுருண்ட உயரமான கன்று மேடையில் அழகாக இருக்கும். மண்ணில் பிடிப்பது சிறிய, திடமான கன்றே.

பராமரிப்பும் கடினமன்று. இரண்டடிக் குழியில் மக்கிய ஆட்டெருவும் சருகும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட வேண்டும். கன்றைச் சுற்றிப் பனையோலை அல்லது வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். மழை ஓய்ந்தபின் நாளுக்கொரு கோப்பை ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு இருமுறை ஒரு வாளி ஊற்றினால் ஆழம் தேடிச் செல்லும். அடியில் சிறு துளையிட்டுத் திரியிட்ட மண்முட்டியை அருகில் புதைத்து நிரப்பினால் தண்ணீர் இன்னும் மிச்சப்படும். ஆடு கடிக்காமல் ஓலை வேலி கட்டுவதும் அவசியம்.

ஆகவே எமது பங்குகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றாடல் தினத்தைக் கைவிட வேண்டாம். அன்று நாற்றுமேடை அமைப்போம். உதிரும் வேப்பம் விதைகளைச் சில வாரங்களுக்குள் முளைக்கப் போடுவோம். அக்டோபர் 4ஆம் திகதி, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாளில் குழிகளை ஆயத்தமாக்குவோம். மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதியை ஒட்டி, எம்மைவிட்டுப் பிரிந்த ஒருவரின் பெயரால் வீட்டுக்கொரு கன்று நடுவோம். அந்தப் பெயருள்ள கன்றை எவரும் வாடவிட மாட்டார்.

அடுத்த ஆண்டு அறிக்கையில் எத்தனை கன்றுகள் வழங்கினோம் என்பதை எழுதாமல், எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதை எழுதுவோமாக.