இசைச் சாளரம்: கல்லறையில் ஐந்து சொற்கள்

சங்க நூல் நிலையத்திற்கு வந்து போகும் இளைஞர் ஒருவர், "இதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்று ஓர் இசைத்தட்டை நம் கையில் தந்து சென்றார். டப்ளின் நகரத்துக் கல்லூரியில் சந்தித்துக் கூடிய ஐவர், 'ஃபான்டெய்ன்ஸ் டி.சி.' என்னும் பெயரால் இசைத்த 'ஸ்கின்டி ஃபியா' என்னும் தட்டு அது. 2022 ஏப்ரலில் வெளிவந்தது. இராகமும் தாளமும் பழகிய நம் செவிக்கு முதலில் அது வெறும் இரைச்சலாகவே பட்டது என்பதை ஒளிப்பானேன்?

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் 'பங்க்' என்னும் ஆவேச இசை தணிந்தபின் எழுந்தது 'போஸ்ட்-பங்க்' மரபு. சினத்தை உரக்கக் கூவாமல் உள்ளே புழுங்குவது அதன் இயல்பு. தாழ்சுருதி கிட்டார் முன்நடக்க, முரசு இயந்திரம் போல் அடிக்க, பாடுபவர் பாதி பேச்சாகவே சொல்லிச் செல்வார். இவ்வைவரும் அவ்வழியினரே. ஆனால் இத்தட்டின் இருளுக்கு வேறொரு காரணம் உண்டு. இவர்கள் அப்போது தாய்நாட்டை விட்டு இலண்டனில் குடியேறியிருந்தனர்.

முதற்பாட்டின் தலைப்பு ஐரிஷ் மொழியிலே அமைந்தது. 'எம் நெஞ்சங்களில் என்றென்றும்' என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரை அடுத்து வாழ்ந்து மறைந்த அயர்லாந்து மூதாட்டி ஒருவரின் கல்லறையில் இச்சொற்களைப் பொறிக்க அவர் மக்கள் விரும்பினர். ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாவிடில் அரசியல் முழக்கமாகக் கருதப்படக்கூடும் என்று கூறி, 2020இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்தது. 2021இல் மேல்முறையீட்டில் மக்களே வென்றனர். பாட்டிலே அச்சொற்கள் குழுக்குரலாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. முதலில் தேவாலயப் பிரார்த்தனை போலும், பின்னர் பிடிவாதம் போலும். பெற்ற தாய்க்கு இரங்கும் சொல்லுக்கு அயலார் அனுமதி வேண்டுவதா! வாசற்பலகையிலே தமிழெழுத்தைக் கண்டால் நின்று பார்க்கும் நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் இவர்கள் பிறந்த மண்ணைக் கண்மூடிப் போற்றுபவர் அல்லர். ஒன்பதாம் பாட்டு 'ஐ லவ் யூ' என்னும் காதற் பெயர் சூடியது. காதல் அயர்லாந்தின்மேல், ஆனால் அதிலே ட்யூம் என்னும் ஊரின் துயரமும் கலந்திருக்கிறது. அங்கே கன்னியர் மடத்தார் நடத்திய தாய்சேய் இல்லத்தில், 1925 முதல் 1961 வரை 796 குழந்தைகள் மாண்டன. அவ்விடத்தே குழந்தைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டதை 2017இல் விசாரணைக் குழு அறிவித்தது. பாடகரின் குரல் அமைதியாகத் தொடங்கி, மூச்சு விடவும் இடமின்றிச் சொற்களைக் கொட்டித் தீர்க்கிறது. குற்றவுணர்வும் அன்பும் ஒரே வாயில் வருகின்றன.

ஏனையவற்றுள் சில ஒன்றன் நிழலாகவே மற்றொன்று அமைந்து சலிப்பூட்டுகின்றன. ஏழாவது மட்டும் விலக்கு. எதிர்வீட்டு முதிய தம்பதியரின் பூசலைக் கண்டு பாடியது. துணைக்கு ஓர் அக்கார்டியன் மட்டுமே. முடிவிலே, சாளரத்தின் எப்பக்கத்தில் நிற்கிறோம் என்பதே ஐயமாகிவிடுகிறது.

இளைஞர் தட்டை இருமுறை கேட்டுவிட்டார். இன்னும் ஒரு வாரம் பொறுக்குமாறு சொல்லி வைத்திருக்கிறோம்.