எங்கள் படங்கள் அவர்களிடம் அமானிதம்

இலவசம் என்று சொல்லி நம் படங்களை வாங்கி வைத்தவர்கள், வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டால் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஃபிளிக்கர் இலவசக் கணக்குகளை 1000 படங்களோடு மட்டுப்படுத்தியது. அப்போதெல்லாம் கைகொடுத்தது, படங்களை இடம் மாற்ற யாரோ ஓய்வுநேரத்தில் எழுதிய மென்பொருள்தான். நிறுவனம் விதியை மாற்றினால் அதுவும் முடங்கும். 2025 மார்ச் 31க்குப் பின், கூகுள் போட்டோஸில் நம் முழுச் சேமிப்பையும் வெளிச் செயலி வாசிக்க முடியாது. நாமே படங்களைத் தெரிவுசெய்து கொடுக்க வேண்டும்.

"பாதுகாப்புக்காக" என்கிறார்கள். கள்ளனுக்குப் பூட்டுங்கள், வீட்டுக்காரனுக்கு எதற்குப் பூட்டு?

"டேக்அவுட் இருக்கிறதே" என்பார்கள். இறக்கிப் பார்த்தால் படம் ஒரு கோப்பில், நாம் எழுதிய குறிப்பு இன்னொரு கோப்பில்.

முடியாத வேலையும் அல்ல. தரவை எடுத்துச் செல்வதை உரிமையாக்கிய ஐரோப்பியச் சட்டம் 2018இல் அமுலுக்கு வந்தது. 2020இல் ஃபேஸ்புக்கிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேரடி வழி உலகெங்கும் திறந்தது. மனம் வைத்தால் முடிகிறது.

அமானிதத்தைக் கேட்டவுடன் குறையின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். இந்த நிறுவனங்களிடம் அதையே கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?