உறைக்குழியும் ஊற்றுநீரும்

கழிப்பிடங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பலரும் பீடத்தின் வடிவத்தையே வியந்து பேசுவது வழக்கம். ஆயினும், மொகஞ்சதாரோவின் நகரமைப்பாளர் தெருவோரம் மூடிய செங்கற் சாக்கடை அமைத்து, இடையிடையே கசடு தங்கி நிற்கத் தொட்டிகளும் கட்டினர் என்பதையும், வீடுதோறும் நீரூற்றிக் கழுவும் கழிப்பறை பெருகிய லண்டன் மாநகரமோ 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டையே திணறடித்த பின்னர்தான் பொறியாளர் பாஸல்கெட் வகுத்த பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு இசைந்தது என்பதையும் சேர்த்து நோக்குமிடத்து, கழித்தது போய்ச் சேரும் இடத்தைக் கருதாத சுகாதாரம் அரைச் சுகாதாரமே என்பது விளங்கும்.

இந்த உண்மையைச் சோதித்தறிய நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டன. மணல் சரியாதபடி வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி ஊற்றை எட்டுவதற்கு நம் முன்னோர் கண்ட அதே உபாயம், இன்று சிமெண்ட் உறையாகி, திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை மனைக்கு மனை கழிப்பறைக் குழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கொத்தனார் ஐந்தாறு உறைகளை இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மூடியிட்டு, அதன்மேல் கொல்லைத் தளத்தையும் பூசிவிடுகிறார். நாலெட்டுத் தள்ளிக் குடும்பத்தின் போர்க்குழாய் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறியதும் குழி நீரை வாங்க மறுக்கிறது. கழிவுநீர் லாரி வருகிறது, தளம் உடைபடுகிறது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் மண் இருக்குமாயின், நுண்ணிய மண்ணில் கிணறு 3 மீட்டர் விலகியிருந்தால் போதும். அவ்விடைவெளி இல்லையேல் 10 மீட்டர் வேண்டும். பருமணலாயின் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் இட வேண்டும். கடலோர மணலில் இவ்விதியை அலட்சியம் செய்தல், நெம்மேலியில் பெருஞ்செலவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நாம், காலடியில் இனாமாகக் கிடைக்கும் நன்னீரை நம் கையாலேயே கெடுப்பதாகும்.

லாரி எங்கே கொட்டுகிறது என்பதும் நம் பொறுப்பே. கசடு வாரிச் சுத்திகரிக்கும் மாநிலத்தின் முதல் நிலையம் 2017-இல் இதே வட்டாரத்துக் கருங்குழியில்தான் தொடங்கிற்று. மார்க்கம் கண்ணெதிரே இருக்க, இருளில் ஏரிக்கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கசடு கொட்டப்படுமானால், கழிப்பறை கட்டியதன் பலன் வீட்டுக்காரருக்கு மட்டுமே, ஊருக்கு நஷ்டமே. உரிய பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதோ 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது பாதகமே.

ஆகவே, வரைபடத்தில் கையொப்பமிடும் ஒவ்வொரு பொறியாளரும், உறை இறக்கும் ஒவ்வொரு மேஸ்திரியும் மூன்று கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டுகிறோம்: கார்த்திகையில் நீர்மட்டம் எவ்வளவு ஆழம்? தளத்தை உடைக்காமல் திறக்கத்தக்க மூடிக்கு லாரியின் குழாய் எட்டுமா? அந்த லாரி எந்த நிலையத்துக்குப் போகும்? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையெனினும், அந்த வரைபடம் முடிவு பெறவில்லை என்றே கொள்ளத் தகும்.