ஜூம் வகுப்பில் கண்புரை

2021 மே மாதம், கோவிட் இரண்டாவது அலையின் உச்சத்தில், மத்திய அரசு முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பிஜியைக் குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைத்தது. புதியவர்கள் சேரும்வரை இறுதியாண்டு முதுநிலை மருத்துவர்களையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. தேர்வு நடந்தது செப்டம்பர் 11-ல். பிறகு இடஒதுக்கீட்டு வழக்கு குறுக்கிட்டது. கலந்தாய்வு தொடங்கும்போது 2022 ஜனவரி ஆகிவிட்டது. வார்டில் ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ராத்திரி டியூட்டி எல்லாம் முதலாண்டு மாணவர் தலையில்தான் விடியும். அந்த செட்டே வராததால் சீனியர்கள் இரட்டைச் சுமை சுமந்தார்கள். 2021 டிசம்பரில் டெல்லி பயிற்சி மருத்துவர்கள் தெருவுக்கு வந்ததில் வியப்பென்ன?

சுமையாவது கண்ணுக்குத் தெரிந்தது. படிப்பில் விழுந்த ஓட்டையை யாரும் கணக்கெடுக்கவில்லை. கண், எலும்பு, தோல் என எந்தத் துறையில் சேர்ந்தவரும் கவச உடைக்குள் வியர்த்தபடி கோவிட் வார்டில் நின்றார். ஆக்சிஜன் அளவைப் பார்த்து நோயாளியின் போக்கைக் கணிக்கவும், உறவினருக்குப் போனில் துயரச் செய்தி சொல்லவும் கற்றார். அது சின்ன விஷயமல்ல. ஆனால் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நின்றுபோயின; வகுப்புகள் ஜூமுக்கு மாறின. கண்புரை அறுவையை ஜூமில் எத்தனை முறை பார்த்தாலும், நுண்ணோக்கியின் கீழ் கை நடுங்காமலிருக்கப் பழக முடியுமா? பாடம் நடந்தது, பயிற்சி நடக்கவில்லை. அடுத்த தொற்று வருமுன், ஒவ்வொரு மாணவரும் இழந்த அறுவைகளைக் குறித்துவைத்து, உதவித்தொகையோடு ஈடுசெய்யும் விதியை தேசிய மருத்துவ ஆணையம் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.